குற்றவுணர்வைக் களைதல்: தமிழ்ப் பௌத்தம் காட்டிய வழி

கார்த்திகைத் தீப நாளன்று திருவண்ணாமலை நகரம் மக்கள் வெள்ளத்தில் மூழ்கிவிடுகிறது. 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மாலையில் தீபம் ஏற்றப்படுகிறது. மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதையில் விடிய விடிய மக்கள் நடக்கின்றனர். வேண்டுதலோடு வருவோர் பலர். நன்றி சொல்ல வருவோர் பலர். இவர்களுக்கு இடையே, என்றோ செய்துவிட்ட ஒரு தவற்றை நெஞ்சில் சுமந்துகொண்டு வருவோரும் இல்லாமல் இல்லை. தாயைக் கவனியாமல் விட்டவர், உடன்பிறந்தவனின் பங்கை எழுதி வாங்கிக்கொண்டவர், ஒருத்திக்குக் கொடுத்த வாக்கை மறந்தவர் எனப் பலவகை மனிதர்கள் அவர்கள். நடந்து நடந்து கால்கள் ஓய்ந்தாலும் அந்தச் சுமை இறங்குவதில்லை என்பதை அவர்களுள் பலர் அறிவர்.

இந்நகரத்தின் வரலாற்று மரபிலேயே குற்றவுணர்வுக்கு ஓர் இடம் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் அருணகிரிநாதரைப் பற்றி இங்கு வழங்கும் வரலாற்றை யாவரும் அறிவர். இளமையையும் குடும்பப் பொருளையும் தீய வழியில் அழித்துவிட்டுத் தம்மையே வெறுத்த அவர், அண்ணாமலையார் கோயிலின் கோபுரத்தின் மேலேறி உயிரை விடத் துணிந்தார் என்றும், முருகப்பெருமான் அவரைத் தாங்கிக் காத்துப் பாடப் பணித்தார் என்றும் அம்மரபு கூறுகிறது. கோயிலுக்குள் இருக்கும் கோபுரத்திளையனார் சந்நிதி இன்றும் அதனை நினைவூட்டி நிற்கிறது. இந்தக் கதை ஓர் உண்மையை வெளிப்படையாகச் சொல்கிறது. செய்த பிழை மனிதனை அழிப்பதுண்டு. பிழையை எண்ணி எண்ணி வரும் வெறுப்பு அதைவிட விரைவாக அவனை அழிப்பதும் உண்டு.

தாங்குவதற்கு ஒரு கை வரும் என்று நம்புகிறவனுக்கு இக்கதையில் ஆறுதல் இருக்கிறது. அத்தகைய கை ஒன்றைப் பற்றிப் பேசாத சமயமொன்று இந்தக் கேள்விக்கு என்ன விடை தரும்? கடவுளின் மன்னிப்பைப் பற்றிச் சொல்லாத பௌத்தம், குற்றம் செய்தவனை எப்படி எழுந்து நிற்கச் செய்கிறது? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் மண்ணில் வாழ்ந்த சமயம் அது. ஆகவே இக்கேள்விக்குத் தமிழிலேயே விடை தேடலாம். அதற்கு முன்னால், பாலி நூல்கள் கூறும் வேறொரு கார்த்திகை முழுநிலவு இரவுக்குச் செல்வது நன்று.

அரண்மனையில் உறக்கமற்ற மன்னன்

மகத நாட்டின் தலைநகரான இராசகிருகத்தில் அரசனாயிருந்தவன் அசாதசத்து. தந்தை பிம்பிசாரனைக் கொன்று அரியணை ஏறியவன். தந்தை இறந்த நாள்முதல் அவனுக்கு உறக்கமே வரவில்லை என்கின்றன உரைநூல்கள். தீக நிகாயத்திலுள்ள சாமஞ்ஞபல சூத்திரம் அவனை நமக்குக் காட்டும் இரவு, மழைக்காலம் முடிந்த கார்த்திகை முழுநிலவு இரவு. அமைச்சர் சூழ மேல்மாடத்தில் அமர்ந்திருந்த மன்னன், நிலவின் அழகைப் புகழ்ந்துவிட்டு, இந்த இரவில் எந்தத் துறவியைக் கண்டால் என் உள்ளம் அமைதி பெறும் என்று கேட்கிறான். அமைச்சர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆசிரியரின் பெயரைச் சொல்கின்றனர். மருத்துவன் சீவகன் மட்டும் பேசாதிருக்கிறான். அவனைக் கேட்டபோது, தன் மாந்தோப்பில் புத்தர் 1,250 துறவியரோடு தங்கியிருப்பதைச் சொல்கிறான்.

யானைகள் அணிவகுக்க, தீவட்டிகள் ஒளிர மன்னன் புறப்படுகிறான். தோப்பை நெருங்கியதும் அச்சம் அவனைப் பற்றிக்கொள்கிறது, உடல் மயிர்க்கூச்செறிகிறது. இத்தனை பேர் இருக்குமிடத்தில் ஒரு தும்மல், ஓர் இருமல்கூடக் கேட்கவில்லையே, என்னைப் பகைவரிடம் காட்டிக் கொடுக்கிறாயா என்று சீவகனைக் கேட்கிறான். படையோடு வந்த பேரரசன் அமைதியைக் கண்டு நடுங்குகிறான். தந்தையையே கொன்றவனுக்கு உலகத்தில் யாரையும் நம்ப இயலவில்லை. குற்றவுணர்வு மனிதனுக்கு என்ன செய்கிறது என்பதைச் சூத்திரத்தின் இந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது.

புத்தர் அவனை நோக்கி உன் குற்றம் என்ன என்று கேட்கவில்லை. துறவு வாழ்வால் இம்மையில் கிட்டும் பயன் யாது என்று மன்னன் கேட்டதற்கு நீண்டதொரு விடை தருகிறார். அந்த விடையின் நடுவே, மனத்தை மறைக்கும் ஐந்து தடைகளைப் பற்றிப் பேசுகிறார். அவாவைக் கடனுக்கும், பகையுணர்வை நோய்க்கும், சோம்பலைச் சிறைக்கும், ஐயத்தைப் பாலைவழிப் பயணத்துக்கும் ஒப்பிடுகிறார். நான்காவதாக வரும் தடைக்குப் பாலி மொழியில் உத்தச்ச குக்குச்சம் என்று பெயர். அலைபாய்தலும், செய்ததையும் செய்யத் தவறியதையும் எண்ணிப் புழுங்குதலும் சேர்ந்தது அது. அதற்கு அவர் தரும் உவமை அடிமைத்தனம். விரும்பிய இடத்துக்குப் போக இயலாதவன், பிறர் ஏவலுக்கு உட்பட்டவன், தனக்கென்று வாழாதவன் அடிமை. பழைய பிழையை ஓயாது எண்ணிக்கொண்டிருப்பவனும் அவ்வாறே ஆகிவிடுகிறான். அந்தச் சொல் எதிரே அமர்ந்திருந்த மன்னனைத் தொட்டிருக்க வேண்டும்.

உரையின் முடிவில் மன்னன் தானாகவே வாய் திறக்கிறான். ஆட்சிக்காக அறவோனாகிய தந்தையைக் கொன்றேன், இதனைக் குற்றமென ஏற்றுக்கொள்ள வேண்டும், இனி என்னைக் காத்துக்கொள்வேன் என்கிறான். புத்தர் அதை ஏற்றுக்கொள்கிறார். குற்றத்தைக் குற்றமென்று காண்பதும், அறநெறிப்படி அதை அறிக்கையிடுவதும், இனிமேல் அதிலிருந்து விலகி நிற்பதும் வளர்ச்சி என்று சொல்லி அனுப்புகிறார். ஆனால் மன்னன் சென்ற பிறகு துறவியரிடம் அவர் கூறியது எண்ணத்தக்கது. இவன் தன்னைத்தானே வேரறுத்துக்கொண்டவன்; தந்தையைக் கொல்லாதிருந்தால் இந்த இருக்கையிலேயே இவனுக்கு மெய்யறிவின் கண் திறந்திருக்கும் என்றார். அறிக்கையை ஏற்றுக்கொண்டவரே, செயலின் விளைவு போய்விட்டதாகக் கூறவில்லை. பின்னாளில் புத்தரின் நினைவுப் பொருளுக்குத் தூபி எழுப்பியவனும், முதல் பௌத்தப் பேரவைக்குத் துணைநின்றவனும் இந்த மன்னனே. அவனும் தன் மகனால் கொல்லப்பட்டான் என்று மகாவம்சம் எழுதி வைத்திருக்கிறது.

நாணம் வேறு, புழுக்கம் வேறு

தமிழில் நாம் குற்றவுணர்வு என்று ஒரே சொல்லால் குறிப்பதைப் பௌத்தம் இரண்டாகப் பிரிக்கிறது. தீமை செய்யக் கூசும் நாணத்துக்கு ஹிரி என்றும், அதன் விளைவுக்கு அஞ்சும் அச்சத்துக்கு ஒத்தப்பம் என்றும் பெயர். இவ்விரண்டும் உலகத்தைக் காக்கும் காவலர் என்று அங்குத்தர நிகாயம் சொல்கிறது. இவை இல்லையேல் தாயென்றும் உறவென்றும் மனிதர் மதிக்கமாட்டார். ஆகவே குற்றத்தைக் கண்டு கூசும் உணர்வை விட்டுவிடுமாறு புத்தர் கூறவில்லை. விடச் சொன்னது குக்குச்சத்தைத்தான். நாணம் அடுத்த செயலைப் பார்த்து நிற்கிறது. புழுக்கம் முடிந்த செயலையே திரும்பத் திரும்பப் பார்க்கிறது. முன்னது கையைத் தடுத்து நிறுத்தும். பின்னது கையைக் கட்டிப்போடும்.

சங்யுத்த நிகாயத்தில் ஓர் ஊர்த்தலைவனுக்குப் புத்தர் சொன்ன அறிவுரை இதனை மேலும் தெளிவாக்குகிறது. கொலை செய்தவன், திருடியவன் யாவரும் நரகத்துக்கே போவர் என்று ஓர் ஆசிரியர் போதித்தால், கேட்பவன் நான் செய்துவிட்டேனே, நரகம்தான் என் கதி என்று அந்த எண்ணத்திலேயே கிடப்பான். வேறுவகை மாணவனோ, நான் செய்தது நன்றன்று, ஆயினும் எத்தனை வருந்தினாலும் செய்தது செய்யாததாகிவிடாது என்று சிந்திக்கிறான். அவ்வாறு சிந்தித்து அச்செயலைக் கைவிடுகிறான். பிறகு அன்பு நிறைந்த உள்ளத்தை நான்கு திசைகளுக்கும் பரப்புகிறான். வலிமையுள்ள ஒருவன் சங்கை ஊதினால் அந்த ஒலி எளிதாக எல்லாத் திசைகளையும் எட்டுவதுபோல, எல்லையற்ற அன்பு வளர்ந்த இடத்தில் எல்லைக்குட்பட்ட பழைய வினை தங்கி நிற்பதில்லை என்பது அவர் கூறிய உவமை.

இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது உப்புக்கட்டி உவமை. ஒரு சிறு கிண்ண நீரில் உப்புக்கட்டியைப் போட்டால் அந்நீரைக் குடிக்க முடியாது. அதே கட்டியைக் கங்கையில் போட்டால் ஆறு உவர்ப்பதில்லை. உப்பின் அளவு இரண்டிலும் ஒன்றே. நீரின் அளவுதான் வேறு. குற்றத்தைச் சிறியதென்று சொல்லி ஆறுதல் தருவது பௌத்தத்தின் வழியன்று. குற்றத்தை அதன் அளவிலேயே விட்டுவிட்டு, அது கரையும் உள்ளத்தைப் பெரிதாக்கிக்கொள்ளச் சொல்கிறது.

கல்லில் எழுதப்பட்ட அறிக்கை

வரலாற்றில் இந்த நெறியின்படி நடக்க முயன்ற பேரரசன் அசோகன். கி.மு. 261ஆம் ஆண்டையொட்டி நடந்த கலிங்கப் போரைப் பற்றி அவனது பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு பேசுகிறது. 1,50,000 பேர் சிறைப்பிடித்துக் கொண்டு செல்லப்பட்டனர், 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், அதைப்போல் பன்மடங்கினர் மடிந்தனர் என்று தன் வெற்றியின் விலையைத் தானே எண்ணிச் சொல்கிறான். வெற்றிகளையே கல்லில் எழுதும் அரசர் வழக்கத்துக்கு இது மாறானது. சோழர், பாண்டியர் பெயர்களும் அதே கல்வெட்டில் வருவதால், இந்த அறிக்கை நம் மூதாதையரின் செவிக்கும் எட்டியிருக்கலாம்.

கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலி, சௌகடா பாறைகளில் இந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு இல்லை. அவ்விடத்தில் வேறு இரண்டு கட்டளைகள் உள்ளன. அம்மக்களைத் தன் பிள்ளைகளாகக் கருதுவதாகவும், காரணமின்றி எவரும் சிறையிடப்படலாகாது என்றும் அதிகாரிகளுக்கு அவன் ஆணையிடுகிறான். துன்புற்றவரிடம் தன் வருத்தத்தை விவரித்துக்கொண்டிராமல், அவர்களுக்கு நேர்மையான ஆட்சி கிடைக்க வழி செய்ததாக இதனைக் கொள்ளலாம். அவன் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. மனம் வருந்திய பின்னும் வெற்றியின் பயனைக் கையில் வைத்துக்கொள்வது மனித இயல்பு. அதையும் வரலாறு மறைக்கவில்லை.

தமிழ் மண்ணில்

இந்தச் சிந்தனைகள் தமிழகத்துக்கு அயலானவை அல்ல. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் பாலி நூல்களுக்கு உரை வகுத்த புத்தகோசர் காஞ்சியில் தங்கியிருந்ததை அவரது உரைநூலின் இறுதிக் குறிப்பே சொல்கிறது. உறையூரைச் சேர்ந்தவராகக் கருதப்படும் புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரத்தில் இருந்து நூல் இயற்றினார். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், ஏறத்தாழ நூறு விகாரங்களும் பத்தாயிரம் துறவியரும் அங்கிருந்ததாகக் குறித்துள்ளார். திருவண்ணாமலையிலிருந்து வடகிழக்கே ஒரு சில நாள் நடைத் தொலைவில், முழுநிலவு நாளிலும் மறைநிலவு நாளிலும் துறவியர் கூடித் தம் பிழைகளை ஒருவர்க்கொருவர் அறிக்கையிட்டு வந்தனர். அது பௌத்தச் சங்கத்தின் விதி.

அந்தக் காஞ்சியில்தான் மணிமேகலையின் பயணமும் முடிகிறது. சாத்தனார் இயற்றிய மணிமேகலை, தமிழில் முழுமையாகக் கிடைத்துள்ள ஒரே பௌத்தக் காப்பியம். 1898இல் உ. வே. சாமிநாதையர் அதனை அச்சேற்றியபோதுதான் மறைந்துபோன ஓர் உலகம் நமக்குத் திரும்பக் கிடைத்தது. அக்காப்பியத்தில் கிளைக்கதையாக வரும் ஆபுத்திரன் வரலாற்றைக் குற்றவுணர்வின் வரலாறாகவே படிக்கலாம்.

வாரணாசியில் வேதம் ஓதுவிக்கும் அபஞ்சிகன் என்பானின் மனைவி சாலி. கணவனுக்குத் துரோகம் செய்த அவள், அந்தப் பழியைக் கழுவ எண்ணித் தென்கோடியில் உள்ள குமரியில் நீராடப் புறப்படுகிறாள். நெடுந்தொலைவு நடக்கிறாள். வழியில் ஓர் இரவில் பிள்ளை பிறக்கிறது. இரக்கமின்றி அதனை ஒரு தோட்டத்தில் விட்டுவிட்டு மேலே நடக்கிறாள். ஒரு பசு வந்து ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. பழைய குற்றத்தைக் கழுவச் சென்றவள், போகும் வழியில் அதைவிடப் பெரிய குற்றத்தைச் செய்துவிட்டாள் என்பதைச் சாத்தனார் உரத்துச் சொல்வதில்லை. பசுவைக் காட்டுகிறார், அதுவே போதுமானதாக இருக்கிறது. தன் தூய்மையை மட்டும் தேடுகிறவளுக்குத் தன் கையிலிருக்கும் குழந்தை கண்ணில் படவில்லை.

அந்தக் குழந்தையே ஆபுத்திரன். வளர்ந்தபின் மதுரையில் சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபி என்னும் அள்ளக் குறையாத உணவுக் கலத்தைத் தருகிறாள். அதைக் கொண்டு பசித்தோர் யாவருக்கும் உணவளிக்கிறான். நாட்டில் பசி நீங்கியபோது, பஞ்சத்தால் வாடும் சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். புயலின் பொருட்டு மணிபல்லவத் தீவில் கப்பல் நிற்க, அவன் கீழே இறங்குகிறான். ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் சென்றுவிடுகிறது. ஆளில்லாத தீவில், தான் ஒருவன் மட்டும் உண்ண அந்தக் கலம் எதற்கு என்று கருதி அதனைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான். அவனைத் தேடித் திரும்பி வந்த ஒன்பது செட்டிகள் அவன் இறந்தது கண்டு அங்கேயே உயிர்விடுகின்றனர். அவர்களை நம்பி உண்டு வாழ்ந்தவர்களும் அவர்களோடு மடிகின்றனர். ஒரு சாவை எண்ணிப் புழுங்கியதால் அத்தீவில் சாவுகளே பெருகின.

மறுபிறப்பில் ஆபுத்திரன் சாவக நாட்டு அரசனாகிறான். புண்ணியராசன் என்பது அவன் பெயர். மணிமேகலையின் சொற்படி அவன் மணிபல்லவத்துக்கு வருகிறான். அங்கே புத்த பீடிகையைக் காத்துவரும் தீவதிலகை, மணலில் புதைந்த எலும்புகளைச் சுட்டிக்காட்டுகிறாள். உன் உயிரையும் கொன்றாய், உனக்காக வருந்தி வந்தோர் உயிரையும் கொன்றாய், கொலைகாரனாகிய நீயா இன்று அரசன் என்னும் கருத்துப்பட அவனிடம் பேசுகிறாள். மன்னன் தானே மணலை அகழ்ந்து தன் முற்பிறப்பின் எலும்புக்கூட்டைக் காண்கிறான். கண்டு திகைத்து நிற்கிறான்.

இந்த இடத்தில் மணிமேகலை அவனுக்குச் சொல்லும் விடைதான் காப்பியத்தின் உயிர்நாடி. நீ குற்றமற்றவன் என்று அவள் சொல்லவில்லை. கப்பலோட்டியின் பிழை என்றும், விதியின் செயல் என்றும் காரணம் காட்டவில்லை. உடலை வருத்தும் நோன்பு எதனையும் விதிக்கவில்லை. உன் பிறப்பை உனக்கு அறிவிக்கவே வந்தேன் என்கிறாள். அரசரே அருளறத்தை மேற்கொண்டால் பிறர் குறைகளைத் தீர்க்க வேறொன்றும் வேண்டுவதில்லை என்கிறாள். அறம் யாது என்ற கேள்வியை எழுப்பி, உயிர்களுக்கெல்லாம் உணவும் உடையும் தங்குமிடமும் அளிப்பதே அறம் என்று விடை தருகிறாள். பள்ளிப் பாடநூல்களிலும் மேடைகளிலும் தனியே எடுத்துக் காட்டப்படும் அந்தக் கருத்து, காப்பியத்தில் எலும்புக் குவியலின் முன் நிற்கும் ஒருவனுக்குச் சொல்லப்பட்டது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

மன்னன் எழுகிறான். எந்த நாடாயினும் நீ சொன்ன அறத்தைச் செய்வேன் என்கிறான். ஆனால் உன்னைப் பிரிய மாட்டேன் என்றும் கலங்குகிறான். ஏற்கெனவே அரசைத் துறக்க விரும்பிய அவனை, நீ பிறப்பதற்கு முன் பன்னிரண்டு ஆண்டு இந்நாடு மழையின்றி வாடியது என்று நினைவூட்டி அமைச்சன் சனமித்திரன் தடுத்திருந்தான். மணிமேகலையும் அவனைத் துறவுக்கு அழைக்கவில்லை; உன் நாடு உன்னைத் தேடி வருந்தும், கப்பலேறிச் செல் என்று அனுப்பிவிடுகிறாள். தான் விட்டு வந்த பொறுப்புக்கே அவன் திரும்புகிறான்.

இதனோடு சிலப்பதிகாரத்துப் பாண்டியனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோவலனை ஆராயாது கொல்வித்த பிழை தெரிந்த கணத்தில் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர் துறந்தான். தமிழர் அவனை இன்றும் போற்றுகிறோம்; நாணம் மிக்கவன் அவன். ஆனால் அவன் இறந்த பின் மதுரை எரிந்தது. தீயை அணைக்கவும், எஞ்சியோருக்குத் தங்குமிடம் தரவும் அவன் இல்லை. இரட்டைக் காப்பியங்கள் என்று போற்றப்படும் இந்நூல்களுள் ஒன்று குற்றமுணர்ந்து மாண்ட அரசனைக் காட்டுகிறது. மற்றொன்று குற்றமுணர்ந்து வாழப் புறப்பட்ட அரசனைக் காட்டுகிறது.

ஒப்புமையும் வேறுபாடும்

நம் நம்பிக்கையும் இதுவும் ஒன்றே என்று கூறிவிடுவது இரு சமயங்களுக்கும் நேர்மை செய்வதாகாது. புத்தர் மன்னனின் அறிக்கையை ஏற்றார். உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று கூறவில்லை. மன்னிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது நம் நம்பிக்கையின் நடுநாடி. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் பெறுவது அம்மன்னிப்பே. ஆயினும், மன்னிக்கப்பட்ட பாவத்தையே ஆண்டுதோறும் கொண்டுவந்து அறிக்கையிடும் நல்ல உள்ளங்களை எந்தக் குருவும் அறிவார். தந்தையை ஒரு நாள் முன்னதாக மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரே என்று இருபது ஆண்டுகளாகப் புழுங்கும் மகன்களும் உண்டு. மன்னிப்பு வழங்கப்பட்டும் அடிமைத்தளை அறுந்துபோகாத நிலை அது. அவர்களுக்குப் பௌத்தம் தரும் கேள்வி பயன்படும். உன் எண்ணம் யாரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது? பிழையால் துன்புற்றவரையா, உன்னையா?

நற்செய்தியிலும் இந்தக் கேள்விக்கு இடமுண்டு. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசு முப்பது வெள்ளிக்காசுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னை மாய்த்துக்கொண்டான். மறுதலித்த பேதுருவோ அழுதபின் மந்தையை மேய்க்கும் பணியைப் பெற்றார். சக்கேயு தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் கொடுக்க முன்வந்தான். அவன் வீட்டில் அன்று நிகழ்ந்ததை மணிமேகலை கண்டிருந்தால், அதனை அறம் என்றே அழைத்திருப்பாள்.

நாகப்பட்டினத்துக் கோபுரம்

தனிமனிதரைப் போலவே சமூகங்களுக்கும் பழைய பிழைகள் உண்டு. தமிழ்ப் பௌத்தத்தைப் பற்றி ஒரு கத்தோலிக்க இதழில் எழுதும்போது நாகப்பட்டினத்தைக் குறிப்பிடாமல் செல்லுதல் தகாது. கி.பி. 1006ஆம் ஆண்டையொட்டி ஸ்ரீவிசய மன்னன் அங்கே சூடாமணி விகாரத்தைக் கட்டினான். சைவனாகிய முதலாம் இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக வழங்கியதை, இன்று நெதர்லாந்தின் லைடன் நகரின் பெயரால் லைடன் செப்பேடுகள் என வழங்கும் ஏடுகள் கூறுகின்றன. அந்நகரின் பௌத்தக் கட்டடங்களில் கடைசியாக எஞ்சி நின்றது, புதுவெளிக் கோபுரம் என்று மக்களும், சீனக் கோயில் என்று ஐரோப்பியரும் அழைத்த மூன்றடுக்குச் செங்கல் கோபுரம். கடலில் வரும் கப்பல்களுக்கு அது நெடுங்காலம் அடையாளமாக விளங்கியது.

அந்நகரில் கல்லூரி நடத்திவந்த சேசு சபைக் குருக்கள், பாழடைந்த அக்கோபுரத்தை இடித்து அதன் பொருள்களைத் தம் கட்டடப் பணிக்குப் பயன்படுத்திக்கொள்ள அரசிடம் அனுமதி வேண்டினர். 1867இல் அனுமதி கிடைத்தது, கோபுரம் இடிக்கப்பட்டது. 1856 முதல் அப்பகுதியில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பௌத்த வெண்கலப் படிமங்கள் ஏறத்தாழ 350. அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். கோபுரத்தை எழுத்திலும் ஓவியத்திலும் மட்டுமே காணலாம்.

அக்குருக்கள் தீயவர் அல்லர். ஏழை மாணவருக்குக் கல்வி தரவே அவர்கள் செங்கல் தேடினர். வழிபடுவோர் எவரும் அங்கு எஞ்சியிருக்கவில்லை. இடிந்து விழும் நிலையிலுள்ள பழங்கட்டடம் அக்காலத்தில் பலருக்கும் வெறும் செங்கல் குவியலாகவே தோன்றியது. இவையெல்லாம் உண்மையே. இருப்பினும் எட்டு நூற்றாண்டுகள் நின்ற ஒரு சமயத்தின் கடைசி அடையாளம் நம்மவர் கையால் மறைந்தது என்பதும் உண்மையே. இதனை மறைப்பதற்கும் காரணம் இல்லை. இதற்காக இன்று தலையில் அடித்துக்கொள்வதிலும் பயன் இல்லை.

1965 அக்டோபர் 28 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு பௌத்தத்தைப் பெயர் சொல்லி மதிப்போடு குறிப்பிட்டது. 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பிற பண்பாடுகளையும் சமயங்களையும் மதிக்கத் தவறிய குற்றங்களுக்காகவும் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். குற்றத்தைக் குற்றமென்று காண்பதும் அறிக்கையிடுவதும் ஆகிய முதல் இரண்டு படிகளும் இவற்றில் உள்ளன. மூன்றாவது படி பங்குகளிலும் பள்ளிகளிலும் நம்மால் எடுக்கப்பட வேண்டியது. வயல்வெளியில் தலை உடைந்து கிடக்கும் புத்தர் சிலை சோழ நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் உண்டு. அதன் வரலாற்றை அவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நம் பள்ளி நூலகத்தில் மணிமேகலையை வைக்கலாம். அதன் அறத்தை, பசித்து வரும் பிள்ளைக்கு மதம் கேளாமல் உணவிடுவதன் மூலம் கற்பிக்கலாம். அம்மதத்தவர் அங்கில்லை என்பதால் திருப்பிக் கொடுக்க ஆளில்லை என்று சொல்லிவிட முடியாது. புண்ணியராசன் கொன்ற ஒன்பது செட்டிகளும் உயிரோடு இல்லை. சாவக நாட்டில் பசித்தவர்கள் இருந்தனர். அவர்களுக்கே அவன் கடனைச் செலுத்தினான்.

தம் தனிவாழ்வில் இத்தகைய எலும்புக் குவியலொன்றின் முன் நிற்பவருக்கும் இந்தக் காப்பியம் சொல்வது இதுவே. மணலை அகழ்ந்து, இருப்பதை ஒருமுறை முழுமையாகப் பாருங்கள். அதனை அதன் பெயரால் அழையுங்கள். தீங்கிழைக்கப்பட்டவர் உயிரோடிருந்தால் அவரிடம் செல்லுங்கள். இல்லையெனில் அவரைப் போன்ற ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். பிறகு தீவில் தங்கிவிடாதீர்கள். கப்பல் காத்திருக்கிறது, நாட்டில் பசியோடு இருப்பவர்கள் உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறார்கள்.